இணைய வடிவமைப்பும் நிரலாக்கமும் படிக்கலாமா? சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளி முடிக்கும் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, தேசிய சேவையில் இருக்கும் தம்பிகள், வேலை மாற நினைக்கும் நாற்பது வயதுக்காரர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் இணையத்தளங்கள் உருவாக்கும் துறையில் வேலை செய்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளையர்கள் செய்து காட்டும் தளங்களைப் பார்த்து மதிப்பிடுவதும் என் வேலையில் சேர்ந்தது. அந்த இடத்தில் இருந்து பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

'வெப் டிசைன்' என்ற பெயரில் பட்டயப் படிப்பு எந்தக் கல்லூரியில் இருக்கிறது?

அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சிங்கப்பூரில் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன: சிங்கப்பூர், நீ ஆன், தெமாசெக், நன்யாங், ரிபப்ளிக். இணையத்தளம் உருவாக்கும் கல்வி இவற்றில் பல படிப்புகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. தகவல் தொழில்நுட்பம், கணினி அறிவியல் போன்ற பட்டயங்களில் நிரல் எழுதும் பகுதி வரும். தொடர்பு வடிவமைப்பு போன்ற பட்டயங்களில் திரையின் தோற்றமும் பயன்படுத்துபவரின் அனுபவமும் வரும். ஊடகப் படிப்புகளிலும் கொஞ்சம் உண்டு.

அதனால் படிப்பின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு கல்லூரியும் தன் பாடப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. அதைத் திறந்து, மூன்று வருடங்களில் மாணவர் எத்தனை முறை ஒரு முழு வேலையைத் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை செய்து முடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். தேர்வு எழுதி முடிக்கும் பாடங்களும் வேண்டும்தான். ஆனால் இந்தத் துறையில் கை பழகுவது செய்து முடித்த வேலைகளால்தான்.

ஜனவரி மாதத் திறந்த இல்ல நாட்களில் மூத்த மாணவர்கள் தங்கள் திட்டப்பணிகளைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களிடம் போய் "இதில் நீங்கள் மட்டும் செய்த பகுதி எது?" என்று கேளுங்கள். கையேட்டில் கிடைக்காத தகவல் அந்தப் பதிலில் கிடைக்கும்.

வடிவமைப்பா, நிரலாக்கமா? இரண்டில் எதை எடுப்பது?

வடிவமைப்பாளர் யோசிப்பது இது: இந்தப் பக்கத்துக்கு வருபவர் யார், என்ன தேடி வருகிறார், எந்த இடத்தில் தடுமாறுவார்? நிரலாளர் அந்த யோசனையை உலாவியில் ஓட வைக்கிறார். பெரிய நிறுவனங்களில் இவை தனித்தனி வேலைகள். சிறிய நிறுவனத்தில் ஒருவரே இரண்டையும் பார்ப்பார்.

படம் வரையத் தெரிந்தால் வடிவமைப்பு, கணக்கு வந்தால் நிரலாக்கம் என்று பெற்றோர் பலர் பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளை எதைப் பார்த்தால் எரிச்சல்படுகிறது என்று கவனியுங்கள். ஒரு செயலியில் பொத்தான் தப்பான இடத்தில் இருப்பதைப் பார்த்துக் கோபப்படுகிறதா? வடிவமைப்பில் நாட்டம் இருக்கிறது. அது ஏன் இவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்று நோண்டுகிறதா? நிரலாக்கம். இன்னும் தெளிவில்லை என்றால், முதலில் பொதுவாகக் கணினிப் பாடங்களைப் படித்துவிட்டுப் பிறகு பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொது அடிப்படைத் திட்டம் சில கல்லூரிகளில் இருக்கிறது. பதினாறு வயதில் முடிவெடுக்கத் திணறும் பிள்ளைக்கு அது நல்ல வழி.

சேர்வதற்கு என்ன மதிப்பெண் வேண்டும்?

இப்போதுள்ள ஓ நிலை முறையில் ஆங்கிலம், படிப்புக்குத் தொடர்புடைய இரண்டு பாடங்கள், மற்றவற்றில் சிறந்த இரண்டு ஆகியவற்றின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் நல்லது. இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிகளைக் கழித்த பிறகு 26 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இது அடிப்படைத் தகுதி மட்டுமே. நாடப்படும் கணினிப் படிப்புகளில் கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி இதைவிட நன்றாகக் குறைவாக இருக்கும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் குறைந்தபட்சத் தேர்ச்சி தனியாகக் கேட்பார்கள்.

2027 முதல் ஓ நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே பொதுச் சான்றிதழ் வருகிறது. சேர்க்கை விதிகளும் அதற்கேற்ப மாறுகின்றன. ஆகவே அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ சேர்ந்த ஆண்டின் புள்ளிக் கணக்கைத் தம்பி தங்கைகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். கல்வி அமைச்சின் பக்கத்தில் அந்தந்த ஆண்டுக்கு உரியதைப் பாருங்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. ஆர்வத்தையும் திறனையும் பார்த்துத் தேர்வு முடிவுக்கு முன்பே இடம் கொடுக்கும் முன்கூட்டிய சேர்க்கை முறை. தானாகவே ஒரு தளம் உருவாக்கிப் பார்த்த பிள்ளைக்கு இது பொருத்தம். நேர்காணலில் "எனக்குக் கணினி ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்வதால் பயனில்லை, எல்லாரும் அதையே சொல்வார்கள். பள்ளித் தமிழ் மன்றத்துக்கு ஒரு சின்னப் பக்கம் செய்திருந்தால் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

என் மகன் வழக்கநிலையில் படித்தான். இந்தத் துறை அவனுக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பதுதான் எனக்கு வருத்தம்.

ஐடிஇ என்று நாம் சொல்லும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு அங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் ஆகிய இடங்களில் மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே நைட்டெக், உயர் நைட்டெக் என்ற சான்றிதழ்ப் படிப்புகளில் இணைய நிரலாக்கம் கையாலேயே செய்து பழகும் பாடமாக இருக்கிறது. உயர் நைட்டெக்கில் நன்றாகச் செய்தவர்கள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகலாம். தொடர்புள்ள படிப்பாக இருந்தால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வாய்ப்புண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வேலை-படிப்புப் பட்டயமும் இருக்கிறது. வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவில் நன்றாகச் செய்தவர்களுக்கு, ஓராண்டு அடித்தளப் படிப்பு வழியாகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகும் பாதை 2013ல் தொடங்கியது.

'வோர்ல்ட்ஸ்கில்ஸ்' என்ற பன்னாட்டுத் திறன் போட்டியில் இணையத் தொழில்நுட்பம் ஒரு தனிப் பிரிவு. கொடுத்த நேரத்துக்குள் வேலை செய்யும் தளத்தைக் கட்டி முடிக்க வேண்டும். சிங்கப்பூரில் நடக்கும் அதன் தேசியப் போட்டியில் ஐடிஇ மாணவர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் போட்டியிடுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் திறப்பது விண்ணப்பதாரர் செய்த தளத்தைத்தான். சான்றிதழைப் பிறகு பார்க்கிறேன். எந்தப் பிரிவில் இருந்து வந்தார் என்பது அந்தத் தளத்தில் தெரியாது.

தொடக்கக் கல்லூரி போய்ப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்குவது மேலா?

பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பட்டத்தில் இணையத்தளம் உருவாக்குவது சிறு பகுதிதான். படிமுறைகள் (அல்காரிதம்), தரவுத்தளம், இயங்குதளம், கணிதம் எல்லாம் ஆழமாக வரும். பெரிய அமைப்புகளை உருவாக்கும் வேலைக்கு அந்த ஆழம் உதவும். 'சீக்கிரம் எதையாவது செய்து பார்க்க வேண்டும்' என்று துடிக்கும் பிள்ளைக்கு, தொடக்கக் கல்லூரியின் இரண்டு ஆண்டுகள் நீளமாகத் தெரியும். பட்டயம் முடித்தும் பல்கலைக்கழகம் போகலாம். அப்படிப் போகிறவர்களுக்குச் சில பாடங்களில் விலக்கும் கிடைக்கிறது. எது கௌரவம் என்ற பேச்சை வீட்டில் தவிர்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

செலவு எவ்வளவு ஆகும்? உதவி எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய மூவாயிரம் வெள்ளி. எடுசேவில் மீந்த பணம் பிள்ளையின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குப் போகிறது, அதில் இருந்து கட்டலாம். மத்திய சேமநிதிக் கல்விக் கடன் திட்டமும் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்க உதவிநிதி உண்டு. 1991ல் தொடங்கப்பட்ட சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமும் இந்தியச் சமூக மாணவர்களுக்கு உதவுகிறது. தகுதி இருந்தும் கூச்சத்தால் விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை நான் பார்க்கிறேன். தயவுசெய்து விண்ணப்பியுங்கள்.

விலை உயர்ந்த மடிக்கணினி கட்டாயமில்லை. நிரல் எழுதும் கருவிகளில் பெரும்பாலானவை இலவசம்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. இப்போது ஆரம்பிக்க முடியுமா?

முடியும். 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் வழங்கப்பட்டது. எல்லாப் படிப்புக்கும் இதைப் பயன்படுத்த முடியாது, வேலைக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும். 25 வயதானதும் கிடைக்கும் 500 வெள்ளி இதில் சேராது, அது தனி. 2025 முதல், தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்புகளில் சேரும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படியும் உண்டு.

பணம் ஒருபக்கம் இருக்கட்டும். சேர்வதற்கு முன் ஒரு மாதம் வீட்டிலேயே இலவசப் பாடங்களை வைத்து ஒரு பக்கம் உருவாக்கிப் பாருங்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனதால் எதுவும் ஓடவில்லை என்று ஓர் இரவு முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த பிறகும் ஆசை இருந்தால், தைரியமாகப் பணத்தைக் கட்டுங்கள். கணக்கு வழக்கு, தாதிமை, தளவாடம் என்று வேறு துறையில் இருந்து வருகிறவர்களுக்கு அந்தத் துறை அறிவு கூடவே வருகிறது. மருத்துவமனை முன்பதிவுப் பக்கம் எங்கே சிக்கும் என்று இருபது வயதுக்காரரைவிடத் தாதிக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் இருந்து வந்து படிக்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அரசாங்கக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் குடிமக்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு. கல்வி அமைச்சின் மானியம் பெற்றால், படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். தனியார் பள்ளி என்றால், அது அரசாங்கத்தில் பதிவு பெற்றதா, எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் இருக்கிறதா, கட்டும் பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டா என்று பார்த்த பிறகே முகவரிடம் பேசுங்கள். "படித்து முடித்தால் வேலை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தேசிய சேவையில் இரண்டு ஆண்டுகள் போய்விடும். அதற்குள் படித்ததெல்லாம் பழசாகிவிடாதா?

எதைப் படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு காலத்தில் இணையத்தில் அசைவதெல்லாம் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்ததுதான். 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் அதற்கான ஆதரவு நின்றது. அதை மட்டுமே கற்றிருந்தவர்கள் மறுபடியும் அடியில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ரியாக்ட் என்ற நிரல் எழுதும் கருவி பல வேலை விளம்பரங்களில் இருக்கிறது, அது வெளிவந்தது 2013ல். அதன் இடத்தில் நாளை வேறொன்று வரலாம்.

ஆனால் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி 1991ல் வெளிவந்த முதல் இணையத்தளத்தின் பக்கம், இன்றைய உலாவியிலும் திறக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதிய எச்டிஎம்எல் மொழி அவ்வளவு உறுதியானது. அதன் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் 1996லேயே தரநிலையாகிவிட்டது. பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 1995ல் வந்தது. இந்த மூன்றையும் அடிவரை புரிந்துகொண்டவர் இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பயப்பட வேண்டியதில்லை. புதிய கருவிகளைச் சில வாரங்களில் பிடித்துவிடுவார். அதனால் முதல் ஆண்டிலேயே ரியாக்ட் சொல்லித்தரவில்லை என்று கல்லூரியைக் குறை சொல்லாதீர்கள். அடித்தளத்தில் நேரம் செலவிடும் கல்லூரி உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது.

செயற்கை நுண்ணறிவே பக்கத்தைச் செய்து கொடுத்துவிடுகிறதே. அப்புறம் எதற்குப் படிப்பு?

உண்மைதான், ஒரு வரி கேட்டால் முழுப் பக்கத்தையும் எழுதிக் கொடுக்கிறது. நானும் வேலையில் பயன்படுத்துகிறேன். வந்த பக்கம் சரியா என்று சொல்ல ஆள் வேண்டுமே, அங்கேதான் படிப்பு வேலை செய்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு போதுமா? உடற்குறையுள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த உதவும் அணுகல் வழிகாட்டுதல்களின்படி சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதம் வேண்டும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்தப் படிவத்தைப் படிக்குமா? வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணை வேண்டாத இடத்தில் சேமிக்கிறதா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012லேயே வந்துவிட்டது. தவறு நடந்தால் பொறுப்பேற்க வேண்டியது நிறுவனம், பக்கத்தை எழுதிக் கொடுத்த கருவியிடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது.

எளிய பக்கங்களை மட்டும் செய்து பிழைக்கும் வேலை குறையும் என்றுதான் நினைக்கிறேன். பயன்படுத்துபவரை உட்கார வைத்துக் கவனித்து, அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

தமிழ் தெரிந்திருப்பது இந்தத் துறையில் உதவுமா?

பாடமும் வேலையும் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் உதவும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இணையத்தில் தமிழ் ஏறிய கதையில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால், 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழ் இடம்பெற்றது. தமிழ் இணைய மாநாடுகளில் முதலாவது 1997ல் இங்கேதான் நடந்தது. உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ல் இங்கேதான் உருவானது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் பரவலாவதற்கு முன், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்த காலத்தில் அவர்கள் பட்ட பாட்டின் பலனை நாம் அனுபவிக்கிறோம்.

இன்னும் செய்ய வேண்டியது நிறைய. 'சிங்கப்பூர்' என்ற சொல்லுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் பதினொன்று என்கிறது. இகரக் குறி, புள்ளி, ஊகாரக் குறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. இதை அறியாதவர் 'தலைப்பு இத்தனை எழுத்துக்கு மேல் போனால் வெட்டு' என்று நிரல் எழுதினால், 'பூ' பாதியில் அறுந்து 'ப' ஆகிவிடும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்தபடியே விட்டால் மேல்வரியின் கொக்கிகள் கீழ்வரிப் புள்ளிகளோடு மோதும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், தமிழ்ப் பக்கம் இப்படி உடைந்திருப்பதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் தமிழ் படிக்கத் தெரிந்த நிரலாளர்தான்.

பெயர்ப் பிரச்சினையும் இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே எஸ்/ஓ அல்லது டி/ஓ இருக்கும். குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும் படிவமும், நடுவில் உள்ள சாய்கோட்டை ஏற்காத படிவமும் இன்னும் எத்தனையோ. 'பெயரை எழுத்துகளால் மட்டுமே எழுதவும்' என்று சிவப்பில் வரும் செய்தியைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் எல்லாரும்தான். அதை எழுதியவருக்கு நம் பெயர்கள் எப்படி இருக்கும் என்று சொல்ல அந்த அறையில் யாரும் இருந்திருக்கவில்லை. உங்கள் பிள்ளை அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வேலைக்கு எடுப்பவர்கள் மாணவரிடம் எதைப் பார்க்கிறார்கள்?

செய்து முடித்த இரண்டு மூன்று வேலைகள். எண்ணிக்கையைவிட முடிந்திருப்பது முக்கியம். கைபேசியில் திறந்து பார்ப்பேன், இணைய வேகத்தைக் குறைத்துப் பார்ப்பேன், படிவத்தை வெறுமையாக அனுப்பிப் பார்ப்பேன். நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதை வைத்திருந்தால், அது நாளுக்கு நாள் வளர்ந்த விதத்தையும் பார்ப்பேன். எல்லாம் ஒரே நாளில் ஏற்றப்பட்டிருந்தால் கேள்வி வரும். பல பட்டயங்களின் மூன்றாம் ஆண்டில் வரும் சில மாத வேலைப்பயிற்சியை எங்கே செய்தார், அங்கே என்ன பொறுப்பு கொடுத்தார்கள் என்பதும் பேச்சில் வரும். குழுவாகச் செய்த வேலையைத் தனியாகச் செய்ததாகக் காட்டினால் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்கு என்ன செய்யலாம்?

உணவுச் செய்முறைப் பக்கமும் செய்யவேண்டியவை பட்டியலும் வேண்டாம், வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். உங்கள் வட்டாரத்தில் தாள் படிவத்தையும் வாட்ஸ்அப்பையும் வைத்துச் சமாளிக்கும் ஒரு தமிழ் அமைப்பைத் தேடுங்கள். துணைப்பாட வகுப்போ, நாடகக் குழுவோ, கோயில் தொண்டூழியர் குழுவோ இருக்கும். யார் எந்த நாள் வருகிறார் என்று பதிவு செய்யும் ஒரு பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும், பெரிய எழுத்தில், கைபேசியில் ஒரு கையால் பயன்படுத்தும்படி. பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள். அதில் சாய்கோட்டை அனுமதியுங்கள்.

செய்ததும் அங்குள்ள வயதான தொண்டூழியர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, "பாட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்கள் பெயரைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரல் எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்து, மறுபடியும் அவரிடமே கொடுங்கள். அந்த இரண்டு குறிப்புகளையும் திட்டப்பணி அறிக்கையில் அப்படியே சேர்த்துவிடுங்கள்.